நோயாளி வராத கண் வைத்தியர்

திருகோணமலை என்ற பெயரை ஓர் ஆங்கிலக் கதையில் முதன்முதலாகக் கண்ட நாளை நான் மறக்கவில்லை. அப்பொழுது நான் பத்தாம் வகுப்பு மாணவன். பாடசாலை நூலகத்தின் மூலையில், அட்டை கிழிந்து, முதற்சில பக்கங்களும் உதிர்ந்துபோன புத்தகமொன்று என் கையில் அகப்பட்டது. இலண்டன் மாநகரிலே பேக்கர் வீதி மாடியறை ஒன்றில் அமர்ந்தபடி பிறர் விடுவிக்க மாட்டாத மர்மங்களை விடுவிக்கும் ஒருவனின் கதை அது. அவன் துலக்கிய வழக்குகளை அவனுடைய நண்பர் வரிசையாகச் சொல்லிச் செல்லுமிடத்தில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரச் சம்பவமும் ஒன்றாக நின்றது. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சகோதரர்கள் யார், அவர்களுக்கு நேர்ந்தது யாது என்ற கேள்விகளுக்கு அக்கதையிலும் விடையில்லை. அதே ஆசிரியர் பின்னர் எழுதிய எந்தக் கதையிலும் விடையில்லை. ஆயினும், எங்கள் கோணேசர் கோயில் கொண்ட கடற்கரை அந்தப் பனிமூடிய நகரத்தோடு ஒரு வரியினால் பிணைக்கப்பட்டிருந்தது எனக்குப் பெருவியப்பை அளித்தது.

வியப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. துப்பறியும் கதை படிப்பது பொழுதைக் கொல்லும் வேலை என்று கருதிய ஆசிரியர் ஒருவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். காலம் சென்றது, நானும் ஆசிரியனானேன். என் மாணவன் ஒருவன் மேசைக்கடியில் மறைத்து வைத்து வாசித்த அதே வகைப் புத்தகத்தை நானும் பறித்தெடுத்தேன். அதே அறிவுரையை வார்த்தை மாறாமற் சொன்னேன். ஓய்வு பெற்ற பின்னர், அந்தக் கதைகளை எழுதிய சேர் ஆதர் கொனன் டொயிலின் வாழ்க்கையை ஆறுதலாகப் படித்தபொழுதுதான் நான் செய்தது பிழை என்று உணர்ந்தேன். ஏன் பிழை என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

கொனன் டொயில் இலண்டனிலே பிறந்தவர் அல்லர். ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், 1859ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி, ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். தந்தை சார்ள்ஸ் டொயில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் சிறு உத்தியோகம் வகித்தவர். சித்திரம் வரைவதில் வல்லவர். அந்தக் கைவண்ணத்தைக் குடிப்பழக்கம் சிறிது சிறிதாகத் தின்றது. பிற்காலத்தில் மனநோய் விடுதிகளிலே நாட்களைக் கழித்த அவர், 1893இல் அத்தகைய விடுதி ஒன்றிலேயே உயிர் நீத்தார். மகன் எழுதிய முதலாவது துப்பறியும் நாவல் 1888இல் தனி நூலாக வெளிவந்தபோது, அதற்குப் படங்கள் வரைந்தவர் இந்தத் தந்தையே.

வறுமையும் வெட்கமும் குடியிருந்த அவ்வீட்டைத் தாங்கி நின்றவர் தாய் மேரி. அடுப்படியில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே வீரர்களின் கதைகளையும் பழைய குடும்பங்களின் பெருமைகளையும் அவர் சொல்லுவார், மகன் கேட்டுக்கொண்டிருப்பான். கதையின் உச்சத்தில் குரலைத் தாழ்த்தும் வித்தையைத் தாயிடமே கற்றதாக டொயில் பின்னாளிலே நினைவுகூர்ந்திருக்கிறார். வசதியுள்ள உறவினரின் உதவியால் யேசுசபைக் குருமாரின் விடுதிப் பாடசாலைகளிலே படித்தார். அங்கு கண்டிப்பு மிகுதி, பிரம்படிக்கும் குறைவில்லை. மழை பெய்யும் விடுமுறை நாட்களில் மேசைமீது ஏறியிருந்து சக மாணவர்க்குக் கதை சொல்லிப் பலகாரம் பெற்றுக்கொள்வார். மிக உருக்கமான இடத்தில் கதையை நிறுத்தினால் இன்னுமொரு பண்டம் கிடைக்கும் என்பதை அப்பொழுதே அவர் கண்டுகொண்டார்.

1876இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்திலே சேர்ந்தார். அவருடைய வாழ்க்கையின் திருப்பம் அங்கேதான் ஏற்பட்டது. சத்திரசிகிச்சைப் பேராசான் ஜோசப் பெல் வெளிநோயாளர் பிரிவில் மாணவரைச் சூழ நிறுத்தி வைத்துக்கொண்டு நோயாளரைப் பார்ப்பது வழக்கம். டொயில் அவருடைய எழுத்தராகத் தெரிவு செய்யப்பட்டார். நோயாளி வாய்திறக்குமுன்பே அவர் என்ன தொழில் செய்பவர், எவ்விடத்திலிருந்து வருபவர் என்பதைப் பெல் சொல்லிவிடுவார். ஒருமுறை சாதாரண உடையில் வந்த ஒருவரைப் பார்த்து, அவர் அண்மையில் படையிலிருந்து விலகியவர், மேற்கிந்தியத் தீவாகிய பார்படோசிலே பணிபுரிந்தவர் என்று கண்டுரைத்தார். மாணவர் திகைத்தனர். காரணத்தை அறிந்தபோது அது மிக எளிதாகத் தோன்றியது. வந்தவர் மரியாதையுள்ள மனிதர். எனினும் தொப்பியைக் கழற்றவில்லை. அது படைவீரர் வழக்கம். விலகிச் சில காலமே ஆனதால் பழக்கம் மாறவில்லை. அவருக்கிருந்த நோயோ யானைக்கால். அது பிரித்தானியாவில் வருவதன்று, மேற்கிந்தியத் தீவுகளிலே வருவது.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எல்லார் கண்முன்னும் கிடப்பதை ஒருவர் பொருட்படுத்துகிறார், மற்றவர் பொருட்படுத்தாது விடுகிறார், அவ்வளவே. மருத்துவத்தில் இது நோயறியும் முறை. இதே முறையைக் குற்றத்தை அறியவும் கையாண்டால் என்ன என்ற எண்ணம் மாணவனுடைய மனத்தில் விதையாக விழுந்தது. முளைப்பதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

இடையில் அவர் உலகத்தையும் சிறிது பார்த்தார். 1880இல், படிப்பு முடியுமுன்னரே, திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றிலே வைத்தியராக வடதுருவக் கடலுக்குச் சென்றார். இருபத்தொராவது பிறந்தநாள் பனிக்கட்டிகளின் நடுவே கழிந்தது. அக்கடலில் பலமுறை தவறி விழுந்து உயிர் தப்பினார். பட்டம் பெற்றபின் மேற்கு ஆபிரிக்கக் கரைக்குச் சென்ற கப்பலொன்றிலும் வேலை பார்த்தார். பின்பு 1882இல், பத்துப் பவுணுக்கும் குறைந்த பணத்துடன், போட்ஸ்மத் நகரின் சவுத்சீ பகுதியிலே தனியாக வைத்தியத் தொழிலை ஆரம்பித்தார். நோயாளர் பார்க்கும் முன்னறைக்கு மட்டுமே தளபாடம் வாங்க முடிந்தது. வாயிலிலிருந்த பித்தளைப் பெயர்ப்பலகையை, அயலவர் காணாதபடி, இருட்டியபின் தாமே துலக்குவார். முதலாண்டு வருமானம் 154 பவுண். வருமானவரிப் படிவத்தில் தாம் வரி கட்டவேண்டியதில்லை என்று நிரப்பி அனுப்பினார். மிகவும் திருப்தியற்றது என்று அதிகாரிகள் குறித்துத் திருப்பினார்கள். அவர் தாமும் அதே கருத்தினர் என்று எழுதி மீண்டும் அனுப்பிவைத்தார்!

நோயாளர் வராத வேளைகளிலே பேனா ஓடியது. 1886இல் 'செந்நிறத்தில் ஓர் ஆய்வு' என்ற நாவலை எழுதினார். ஜோசப் பெல்லின் கூரிய பார்வைக்குக் கதையுருக் கொடுத்தபோது ஷெர்லொக் ஹோம்ஸ் பிறந்தான். அவனுடைய திறமையை அவனே சொல்லிக்கொண்டால் தற்பெருமையாகும்; ஆகவே வியந்து சொல்வதற்கு டொக்டர் வொட்சன் என்ற நேர்மையான, நம்மைப்போற் சாதாரணமான நண்பர் படைக்கப்பட்டார். பதிப்பாளர் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பினர். இறுதியில் ஒரு நிறுவனம் 25 பவுண் கொடுத்து முழு உரிமையையும் வாங்கியது. 1887இல் நத்தார் மலர் ஒன்றில் அது வெளியாயிற்று. அந்த நாவலுக்காக அவர் அதற்குமேல் ஒரு சதமும் பெறவில்லை. 1890இல் இரண்டாவது நாவலாகிய 'நால்வர் குறி' வந்தது. ஆக்ராக் கோட்டையும் அந்தமான் சிறையும் தேம்ஸ் நதியும் ஒரே கதையிலே சந்தித்தன. பேரரசு தூரதேசங்களிலே செய்த வினைகள் இலண்டன் வீதிகளுக்கே திரும்பி வருவதை இக்கதைகளிலே பலவிடத்தும் காணலாம். திருகோணமலையின் பெயர் அங்கு ஒலித்ததும் இக்காரணத்தாற்போலும். 1892இல் அவர் எழுதிய பிறிதொரு சிறுகதையிலே, இலங்கையின் கோப்பிச் செடிகளை நோய் அழித்தமையும் தோட்டக்காரர் மனந்தளராது தேயிலையை நாட்டியமையும் பேசப்படுகின்றன.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். உலகம் இன்றும் நினைத்துக்கொள்ளும் ஹோம்சின் இலண்டனைப் படைத்தபோது டொயில் அந்நகரை நன்கு அறிந்தவர் அல்லர். சவுத்சீயில் இருந்துகொண்டு, தபாற் கந்தோர் வெளியிட்ட வரைபடத்தை விரித்து வைத்துத்தான் வீதிகளின் பெயரை எழுதினார். பேக்கர் வீதியில் அந்நாளில் 221 என்ற இலக்கமே இருக்கவில்லை. அந்த வீதி பின்னர் நீண்டபோது அவ்விலக்கத்தைத் தன்னுள் அடக்கிய கட்டடத்துக்கு ஹோம்சின் பெயரிட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுக்குப் பதில் எழுதுவதற்கென்றே அங்கிருந்த நிறுவனம் ஒருவரை நியமிக்கவேண்டியதாயிற்று. இல்லாத வீட்டில் இல்லாத மனிதனுக்கு உலகம் கடிதம் எழுதியது!

அந்த நகரத்தின் இயல்பும் கதைக்குத் துணை நின்றது. வீடுதோறும் அடுப்புகளிலே நிலக்கரி எரிந்தது. அதன் புகை நதியின் பனியோடு கலந்து மஞ்சள் நிறமாகத் தெருக்களிலே இறங்கும். நண்பகலிலும் வாயு விளக்கு ஏற்றவேண்டும். எதிரே வரும் குதிரை வண்டி ஒலியினால் மட்டுமே தெரியும். இது வெறும் அழகுக் காட்சியன்று, ஆளைக் கொல்லும் நஞ்சு. 1952 டிசம்பரில் இத்தகைய புகை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்; அதன் பின்னரே 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. அந்தப் பனிப்புகார் இன்று இலண்டனில் இல்லை. கதைகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அந்த மூட்டத்துக்குள்ளே இலட்சோபலட்சம் மக்கள் ஒருவரையொருவர் அறியாது வாழ்ந்தனர். கிராமத்திலே ஒருவனைக் கண்டவுடன் இன்னார் மகன் என்று சொல்லிவிடலாம். மாநகரிலே பக்கத்து வீட்டான் யாரென்று தெரியாது. 1888இல் கிழக்கு இலண்டனிலே ஏழைப் பெண்கள் பலர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். கொலையாளி இறுதிவரை பிடிபடவில்லை. பொலிசார்மீது மக்கள் நம்பிக்கை இழந்திருந்த அந்தக் காலத்தில், முகமறியாத மனிதரின் கைவிரலையும் காலணிச் சேற்றையும் பார்த்து அவர் வரலாற்றைப் படிக்கும் ஒருவன் தேவைப்பட்டான். கண் மறைக்கும் நகரத்துக்கு ஒரு கண் வேண்டியிருந்தது. ஹோம்ஸ் அந்தக் கண்ணாக வந்தான். கதைகளைத் திரும்பப் படித்தால் பனிப்புகார் நாம் நினைக்குமளவுக்கு அடிக்கடி வருவதில்லை என்பது தெரியும். ஆனால் 1908இல் வெளியான 'புரூஸ்-பார்ட்டிங்டன் வரைபடங்கள்' போன்ற கதையிலே நிலத்தடிப் புகையிரதப் பாதையோரம் ஒரு பிணம் கிடக்க, நகரம் முழுவதையும் புகார் மூடிநிற்கும் காட்சி ஒருமுறை மனத்திற் பதிந்தால், மற்றக் கதைகளுக்கும் நாமே அதைப் போர்த்திக்கொள்கிறோம்.

கண் என்ற சொல்லை உவமையாக மட்டும் நான் இங்கு கையாளவில்லை. 1891இன் தொடக்கத்தில் டொயில் சவுத்சீயை விட்டு வியன்னா நகருக்குச் சென்று கண் மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து இலண்டனில் மேல் விம்போல் வீதியில் அறை எடுத்துக் கண் வைத்தியராக அமர்ந்தார். காலையில் நடந்து வருவார். பிற்பகல் வரை காத்திருப்பார். நோயாளர் காத்திருக்கவென அமைந்த இடத்தில் வைத்தியரே காத்திருந்தார். மணி ஒருமுறையேனும் ஒலிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த மௌனத்திலேதான் ஹோம்சின் சிறுகதைகள் உருவாயின. அந்த ஆண்டு ஜனவரியிலே 'ஸ்ட்ரான்ட்' என்ற மாதச் சஞ்சிகை தோன்றியிருந்தது. தொடர்கதையில் ஒரு இதழைத் தவறவிட்ட வாசகன் கதையையே தவறவிடுகிறான் என்பதை டொயில் யோசித்தார். பாத்திரம் தொடர்ந்து வரவேண்டும், கதையோ ஒவ்வொரு இதழிலும் முடிந்துவிடவேண்டும் என்று அவர் கண்ட முறை அந்நாளிலே புதுமையானது. 1891 ஜூலையில் 'பொஹீமிய அபவாதம்' வெளிவந்தது. எங்கள் திருகோணமலை இடம்பெற்ற கதை அதுவே. சிட்னி பஜே என்ற ஓவியர் ஹோம்சுக்கு உருவம் கொடுத்தார். சில மாதங்களில் நாடெங்கும் அவன் பெயர் பரவியது. டொயில் வைத்தியத் தொழிலைக் கைவிட்டார். துப்பறியும் கதை என்னும் ஆறு அங்கிருந்து பல மொழிகளுக்கும் பாய்ந்தது. தமிழிலே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அத்துறையில் ஏராளமாக எழுதினர்.

புகழ் வந்தது, கூடவே சலிப்பும் வந்தது. வரலாற்று நாவல்களே தம் உயர்ந்த படைப்புகள் என்று டொயில் நம்பினார். ஹோம்ஸ் தம்மை அவற்றிலிருந்து இழுத்துச் செல்கிறான் என்று கருதினார். அவனைக் கொன்றுவிடலாமென 1891இலேயே தாய்க்கு எழுதினார், தாய் தடுத்தார். ஈராண்டு கழித்து யாரும் தடுக்க முடியவில்லை. 1893 டிசம்பரில் வெளிவந்த 'இறுதிப் பிரச்சினை'யில், சுவிற்சர்லாந்தின் ரைகன்பாக் நீர்வீழ்ச்சியருகே ஹோம்ஸ் பகைவனோடு மறைந்தான். அந்த ஆண்டு டொயிலுக்குத் துயர ஆண்டு. மனைவி லூயிசாவுக்குக் கசநோய் என்று தெரியவந்தது, தந்தையும் காலமானார். கதைப் பாத்திரம் ஒன்றின் சாவுக்காக ஆயிரக்கணக்கான வாசகர் சந்தாவை நிறுத்தியும் வசைக்கடிதங்கள் எழுதியும் துக்கங் காட்டியபோது, மெய்யான துக்கம் குடியிருந்த வீட்டிலே அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எட்டாண்டுகள் அவன் இறந்தவனாகவே இருந்தான். 1901இல் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' தொடராக வெளிவந்தபோதும், அது அவன் மறைவதற்கு முந்திய சம்பவம் என்றே சொல்லப்பட்டது. 1903இல், வாசகரின் வேண்டுகோளுக்கும் பதிப்பாளர் அளித்த பெருந்தொகைக்கும் இசைந்து, அவனை உயிரோடு திரும்ப அழைத்தார். 1927 வரை எழுதிய கதைகளைச் சேர்த்தால் நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளும் ஆகும். இதற்கிடையில் போயர் யுத்தத்தின்போது தென்னாபிரிக்க வைத்தியசாலை ஒன்றிலே பணிபுரிந்தார். 1902இல் சேர் பட்டம் பெற்றார்.

இனி, நான் மாணவனிடம் புத்தகம் பறித்தது பிழை என்று எனக்கு உணர்த்திய பகுதிக்கு வருகின்றேன்.

1906 ஜூலையில் லூயிசா இறந்தார். பதின்மூன்று ஆண்டுகள் அந்நோயோடு போராடிய மனைவியை இழந்த டொயில் பல மாதங்கள் எந்த வேலையிலும் மனம் செல்லாது இருந்தார். அப்பொழுது ஜோர்ஜ் எடால்ஜி என்ற இளைஞரின் வழக்கு அவர் பார்வைக்கு வந்தது. பம்பாயில் பிறந்த பார்சி இனத்தவரான சபுர்ஜி எடால்ஜி கிறிஸ்தவராகி, ஸ்டபோட்ஷயரிலுள்ள கிரேட் வைர்லி என்னும் கிராமத்துத் தேவாலயத்தில் குருவாக இருந்தார். அவருடைய மூத்த மகனே ஜோர்ஜ். பேர்மிங்ஹாமிலே சட்டத்தரணியாகத் தொழில் பார்த்தவர். கரிய நிறத்துக் குடும்பம் ஒன்று குருமனையிலே வசிப்பதைச் சகிக்காத சிலர் ஆண்டுக்கணக்காக மொட்டைக் கடிதங்கள் எழுதிவந்தனர். 1903இல் அயலிலே ஆடு மாடு குதிரைகளை இரவிலே யாரோ வயிற்றைக் கிழித்துக் கொடுமைப்படுத்தினர். பழி ஜோர்ஜின்மேல் விழுந்தது. ஏழாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பத்தாயிரம்பேர் கையொப்பமிட்டு மன்றாடினர். மூன்றாண்டுகள் சென்றபின், காரணம் எதுவும் கூறாமல், அவர் விடுவிக்கப்பட்டார். குற்றமற்றவர் என்று சொல்லப்படவில்லை. தொழிலும் திரும்பக் கிடைக்கவில்லை.

1907 ஜனவரியிலே டொயில் அவரைச் சந்திக்க இலண்டன் சேரிங் குரொசிலிருந்த ஹோட்டல் ஒன்றுக்குச் சென்றார். சற்றுத் தாமதித்தே சென்றார். முன்மண்டபத்திலே ஒருவர் பத்திரிகையைக் கண்ணுக்கு வெகு அருகில், சற்றுச் சாய்வாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். எட்ட நின்று பார்த்த டொயிலுக்கு அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. அம்மனிதருக்குக் கிட்டப்பார்வைக் குறை மிகக் கடுமையாக உண்டு. அதனோடு விழியின் வளைவுக் கோளாறும் உண்டு. மழையிலே, இருளிலே, வேலிகளையும் புகையிரதப் பாதையையும் கடந்து வயல்வெளியாகச் சென்று, காவலரின் கண்ணுக்கும் தப்பி, ஒரு குதிரையைத் தேடிப்பிடித்துக் கத்தியாற் கீறி மீண்டவர் இவரா? மத்தியானத்தில் ஆறடி தூரத்தில் நிற்பவரை அடையாளங் காண்பதே இவருக்கு அரிதன்றோ!

நோயாளி வராத கண் வைத்தியருக்கு, பதினாறு ஆண்டுகள் கழித்து, நோயாளி வந்துவிட்டார். வியன்னாவிலே கற்றதும் எடின்பரோவிலே பெல் காட்டியதும் அந்த ஒரு பார்வையிலே ஒன்றுசேர்ந்தன. டொயில் அத்துடன் நில்லாது கண் நிபுணர் ஒருவரிடம் அவரைப் பரிசோதிப்பித்தார். கிராமத்துக்குச் சென்று நிலத்தை நடந்து பார்த்தார். சாட்சியங்களை ஒவ்வொன்றாக அலசினார். 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகையிலே தொடர்ந்து எழுதினார். கூலியாக எதுவும் பெறவில்லை. அரசாங்கம் குழுவொன்றை நியமித்தது. 1907 மே மாதத்தில், விலங்குகளை வதைத்த குற்றத்துக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. ஆனால் மொட்டைக் கடிதங்களை எடால்ஜியே எழுதினார் என்று சொல்லி நட்டஈடு மறுக்கப்பட்டது. அரைகுறை நீதிதான். எனினும் எடால்ஜி மீண்டும் சட்டத்தரணியானார். அதே ஆண்டிலே டொயில் ஜீன் லெக்கியை மணந்தபோது, விருந்தினருள் அவரும் ஒருவராக இருந்தார். இந்த வழக்கும் இதுபோன்ற வேறு சில வழக்குகளும் எழுப்பிய குரலின் விளைவாக, இங்கிலாந்திலே குற்றவியல் மேன்முறையீட்டு மன்றம் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர், தீர்ப்பு பிழையென்று சொல்லி முறையிடுவதற்கு எடால்ஜி போன்றவர்க்குச் சரியான நீதிமன்றமே இருக்கவில்லை.

இரண்டாவது போராட்டம் இன்னும் நீண்டது. 1908 டிசம்பரில் கிளாஸ்கோ நகரிலே மரியன் கில்கிரிஸ்ட் என்ற முதியமாது கொலையுண்டார். ஒஸ்கார் ஸ்லேட்டர் என்ற ஜெர்மனிய யூதர் பிடிபட்டு மரணதண்டனை பெற்றார். நிறைவேற இரண்டு நாட்கள் இருக்கையிலே அது ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. ஸ்லேட்டர் நல்லொழுக்கமுடையவர் என்று டொயில் எண்ணவில்லை; அவரை விரும்பவுமில்லை. ஆயினும் செய்யாத குற்றத்துக்கு ஒருவர் சிறையிலிருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 1912இல் நூல் எழுதினார், தொடர்ந்து வாதாடினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேற் சிறையிலிருந்த ஸ்லேட்டர் 1927இல் விடுதலையானார். அடுத்த ஆண்டு தீர்ப்பு நீக்கப்பட்டு 6,000 பவுண் நட்டஈடும் கிடைத்தது. வழக்குச் செலவைத் திருப்பித் தருவது பற்றி இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது வருந்தத்தக்கதே. விரும்பத்தகாத மனிதனுக்கும் நீதி வேண்டும் என்பது எடால்ஜிக்காக வாதாடுவதிலும் கடினமான பாடம். அதை டொயில் செய்து காட்டினார்.

இத்துடன் நிறுத்தினால் அவரை முழுமையாகக் காட்டியவனாக மாட்டேன். அந்தக் கூரிய கண்ணும் ஒருநாள் மங்கியது. முதல் உலகப் போரிலே காயமுற்ற மூத்த மகன் கிங்ஸ்லி, 1918 ஒக்டோபரிலே தொற்றுச் சுரத்தினால் மாண்டார். நான்கு மாதத்திலே, சவுத்சீயின் வெறுமையான வீட்டில் சிறுவனாய் வந்து தங்கிய தம்பி இன்னஸ் இறந்தார். ஆவியுலகத்தோடு பேசலாம் என்ற கொள்கையில் டொயிலுக்கு முன்னரே நாட்டம் உண்டு. 1916இலேயே அதைப் பகிரங்கமாக ஏற்றிருந்தார். இச்சாவுகளின் பின் அது அவருடைய வாழ்வின் முழுப்பணியாயிற்று. அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும் சென்று பேசினார், பெரும்பணம் செலவிட்டார். 1917இல் கொட்டிங்லி என்ற ஊரிலே இரு சிறுமியர் தேவதைகளோடு எடுத்துக்கொண்டதாகக் காட்டிய புகைப்படங்களை மெய்யென நம்பி, 1922இல் நூலும் எழுதினார். அவை கடதாசியில் வரைந்து வெட்டித் தொப்பி ஊசியால் நிறுத்தப்பட்ட உருவங்கள் என்பதை அவ்விருவரும் முதியவர்களாகி 1983இல் ஒப்புக்கொண்டனர்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு மனிதனின் காலணிச் சேற்றைக் கொண்டு அவன் வந்த வழியைச் சொல்லும் பாத்திரத்தைப் படைத்தவர், கடதாசிப் பொம்மையின் விளிம்பைக் காணவில்லை. அவருடைய அறிவு குறைந்துவிட்டதென நான் நினைக்கவில்லை. எடால்ஜியைப் பார்த்தபோது அவருக்குத் தமக்கென வேண்டியது எதுவுமில்லை. ஆகவே உள்ளதைக் கண்டார். இறந்தவர் இருக்கின்றனர் என்பதற்குச் சாட்சி தேடியபோதோ, மகன் வேண்டும், தம்பி வேண்டும் என்று நெஞ்சு ஏங்கியது, ஏங்கியதைக் கண்டார். இலண்டனின் பனிப்புகாரை ஊடுருவிய கண்ணைத் துயரத்தின் பனிப்புகார் மறைத்துவிட்டது. நம்முள் யாரைத்தான் அது மறைக்கவில்லை?

1930 ஜூலை 7ஆம் திகதி, எழுபத்தொராவது வயதிலே, குரோபரோவிலுள்ள தம் இல்லத்தில் டொயில் காலமானார். ஆறு நாட்களின் பின் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்திலே ஆயிரக்கணக்கானோர் கூடினர். குடும்பத்தாரின் நடுவே அவருக்கென ஓர் ஆசனம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. விம்போல் வீதியிலே யாரும் வந்தமராத ஆசனத்தைப் பார்த்தபடி எழுதத் தொடங்கியவருக்கு, இறுதியிலும் வெற்று ஆசனமே எஞ்சியது. அந்த ஆசனத்தில் அவர் வந்தமர்ந்தார் என்று சிலர் நம்பினர். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. எடால்ஜி சட்டத்தரணியாகத் தன் ஆசனத்திலே திரும்பி அமர்ந்தது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

துப்பறியும் கதைகள் எல்லாம் இலக்கியம் என்று நான் வாதிட வரவில்லை. மலிவானவை மிகப் பல. ஆனால் பொழுதுபோக்கென்று நாம் ஒதுக்கிய கதை, பார்ப்பவற்றைப் பொருட்படுத்தும் பழக்கத்தை ஒருவருக்குக் கற்பிக்கக்கூடும். அப்பழக்கம் ஒருநாள் குற்றமற்றவன் ஒருவனுக்குத் துணைநிற்கவும் கூடும். அன்று மாணவனிடம் பறித்த புத்தகம் நெடுங்காலம் என் அலுமாரியிலேயே கிடந்தது. அவன் இப்பொழுது பேரப்பிள்ளை கண்டவன். சென்ற மாதம் அவனைத் தேடிச்சென்று அதைத் திருப்பிக் கொடுத்தேன். திருகோணமலை வரும் பக்கத்திலே ஒரு கடதாசித் துண்டை அடையாளமாக வைத்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். அந்தப் பக்கத்தைப் பறிப்பதற்கு முன்னரே தான் வாசித்துவிட்டதாகச் சொன்னான்.